கிராணியார் காரின் சிவப்பு விளக்கு

சனிக்கிழமை காலைகளில் என் கார் பட்டறையில் வேலையைவிடப் பேச்சுதான் அதிகம் நடக்கும். பக்கத்தில் மதார் சாகிபுவின் தேநீர்க் கடை. அங்கே உட்கார இடம் கிடைக்காதவர்கள் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். நான் பேசுகிறவன் இல்லை. குனிந்து வேலை பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். கார் ரிப்பேர் செய்கிற என்னை ஊரில் போர்மன் என்பார்கள். சுங்கை சோவில் இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

கங்கா டீச்சர், போன புதன்கிழமை நீங்கள் கோல சிலாங்கூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அப்பா எதிரில் கேட்க முடியாத ஒரே ஒரு கேள்வியை என்னிடம் கேட்டீர்கள். விபத்துக்கு முதல் நாள் மாலை உங்கள் அம்மா அமராவதி போனில் பேசியபோது, விளக்குத் தொல்லை தீர்ந்தது, போர்மன் சரி செய்துவிட்டார் என்று சொன்னாராம். போர்மன் எதைச் சரி செய்தார் என்று கேட்டீர்கள். இப்போது உங்களோடு இருக்கும் அப்பா சாப்பிடுவதில்லை, அம்மாவைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், இப்படியே போனால் இன்னும் எத்தனை மாதம் தாங்குவார் என்று தெரியவில்லை என்றும் சொன்னீர்கள். நான் துணியில் கையைத் துடைத்தபடி நின்றேன். வெகுநேரம் காத்திருந்துவிட்டு நீங்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள்.

அன்று வாயில் வராததை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் அப்பா அப்பளசாமியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முப்பத்தொரு வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கிராணியார்தான். அந்தப் பழைய ஜப்பான் காரை அவர் வாங்கியது எண்பத்தாறாம் வருடத் தொடக்கத்தில். வாங்கிய மறுநாளே என்னிடம் கொண்டு வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் விரலால் காட்டிக் காட்டி இது என்ன, இது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படிக் கேட்கிற ஆட்கள் எனக்குக் குறைவு. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்பவேண்டும்.

மார்ச் மாதம் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. பிரேக் எண்ணெய்க் குப்பியின் மூடியில் ஒரு சென்சர் இருக்கும். அதன் அடியில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு மிதவை. எண்ணெய் குறைந்தால் மிதவை கீழே இறங்கும், விளக்கு எரியும். கைப்பிரேக்கைத் தூக்கினாலும் அதே விளக்குத்தான் எரியும். நான் திறந்து பார்த்தபோது எண்ணெய் நிறைவாக இருந்தது. மிதவைதான் உடைந்து போயிருந்தது. சென்சரை மாற்ற வேண்டும் என்றேன்.

"ஒரிஜினல் போடுங்க போர்மன்" என்றார்.

"ஒரிஜினல் வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும் கிராணியாரே. ரவாங்கு டவுன்ல காப்பி சாமான் இருக்கு, டூப்ளிகேட்டு. ரெண்டும் ஒண்ணுதான், பெட்டிதான் வேற."

அப்படி நான் சொன்னது சரியில்லை. தொழில் தெரிந்தவன் சொல்லக்கூடாத பேச்சு. ஃபேன் பெல்ட், பல்பு, ரப்பர் குழாய் எல்லாம் காப்பி போடலாம். தேய்ந்து போனால் மாற்றிக்கொள்ளலாம். சென்சர் அப்படி இல்லை. அது எதையும் சுமப்பதில்லை, எதையும் இழுப்பதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அதில் போலி போட்டால் ஒன்று சும்மா கத்தும், இல்லையென்றால் கத்த வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். எனக்கு இது தெரியும். அவரைக் காக்க வைக்க வேண்டாமே என்று நினைத்தேன்.

நான் போட்ட காப்பியின் மிதவை எண்ணெயைக் குடித்துக் கனத்துப் போனது. பதினைந்து நாளில் மூழ்கியது. எண்ணெய் நிறைய இருக்கும்போதே விளக்கு எரிந்தது. இன்னொரு காப்பி போட்டேன். அது பத்து நாள் தாங்கியது.

மூன்றாவது தடவை வந்தபோது சனிக்கிழமை. பெஞ்சில், செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரியை ஓட்டும் சன்னாசி உட்கார்ந்திருந்தான்.

"என்னா போர்மன், இந்த வெளக்கு உங்களுக்குச் சொந்தக்காரனா? விட்டுப் போகமாட்டேங்குதே" என்றார் உங்கள் அப்பா.

"சாமி அறையில வச்சிருங்க கிராணியாரே. எண்ணெய்ச் செலவு மிச்சம்லா" என்றான் சன்னாசி.

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா காரிலிருந்து இறங்காமலே தன் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டினார். "இப்போ தெரியுதா? தெரியல இல்ல? வாங்க போவோம்" என்றார். உங்கள் அப்பாவும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரிஜினலுக்குச் சொல்லிவிட்டேன். ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் உங்கள் அப்பா பொட்டு ஒட்டிய விளக்கோடு வண்டி ஓட்டினார். ஆனால் தினமும் காலையில் பானெட்டைத் திறந்து எண்ணெய் மட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அப்படிப்பட்ட மனிதர். எண்ணெய் ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

சாமான் வந்ததும் பெட்டியை அவர் முன்னாலேயே பிரித்தேன். இங்கே அது வழக்கம். புதுச் சாமானைக் காட்ட வேண்டும், பழையதை அதே பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொருத்தி முடித்தேன். விளக்கு அணைந்தது. பொட்டை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார்.

அத்தோடு போயிருக்கலாம். சன்னாசிதான் தொடங்கினான்.

"காப்பியும் இப்படித்தான் மொத நாளு அணைஞ்சுது."

உங்கள் அப்பா என்னைப் பார்த்தார். "சூடம் அடிச்சுச் சொல்லுங்க போர்மன்."

"ஒரிஜினல்தான். பெட்டியைப் பாத்தீங்களே."

"பெட்டி சொல்லட்டும் ஒரிஜினல்னு. நீங்க, இனிமே இந்த வெளக்கு எரியாதுன்னு சொல்லுங்க."

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மதார் சாகிபுவும் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். பட்டறைக்குப் பின்னால் முனியாண்டிக் கல் இருப்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் அங்கே வந்தார்கள். சூடம் ஏற்றினேன். இனி இந்த விளக்கு எரியாது என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

எந்தப் போர்மனும் அப்படி ஒரு சத்தியம் செய்யமாட்டான். விளக்கு இருப்பதே எரிவதற்காகத்தான். சாமான் நல்லது என்று சத்தியம் செய்யலாம். எரியாது என்று செய்ய முடியாது. கை சுட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அதற்குள் அவர்கள் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார்கள்.

உங்கள் அப்பா அன்றிலிருந்து காலையில் பானெட்டைத் திறப்பதை நிறுத்திவிட்டார். என்னிடம் அவரே சொன்னார். "சத்தியமே பண்ணிட்டீங்க, அப்புறம் நான் தெனம் தொறந்து பாத்தா உங்களை நம்பாத மாதிரி ஆயிரும்" என்றார்.

சத்தியம் செய்ததற்குப் பிறகு மூன்றாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் காரை பட்டறைக்குள் கொண்டு வந்தார். உங்கள் அம்மாவும் கூட இருந்தார். இன்ஜினை நிறுத்தவில்லை. கைப்பிரேக் கீழேதான் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சன்னாசி எழுந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "சூடம் அணைஞ்சிருச்சு, வெளக்கு அணையலையே" என்றான். உங்கள் அப்பா சிரிக்கவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. "பாருங்க போர்மன்" என்று மட்டும் சொன்னார். எனக்காக அவர் கூச்சப்படுவது போல இருந்தது.

பானெட்டைத் தூக்கினேன். தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் நிற்பவனை யாரும் பார்க்க முடியாது. குப்பியில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருந்தது. சென்சர் சரியாக வேலை செய்தது. அதற்கு முன் வந்த இரண்டும் பொய் சொன்னவை. இது உண்மையைச் சொன்னது. எண்ணெய் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

எங்கே என்று பார்க்க ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்து குனிந்தேன். பின்பக்க இடது டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. தொட்டு முகர்ந்து பார்த்தேன். பிரேக் எண்ணெய்தான். அந்தச் சக்கரத்துக்குள் பிரேக் எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர் கிழிந்திருந்தது. ஒரு மணி நேர வேலை. ரப்பர் என் அலமாரியிலேயே இருந்தது.

"கிராணியாரே, வெளக்கு சரியாத்தான் சொல்லுது." இதுதான் நான் சொல்ல வேண்டிய வாக்கியம். அதை நான் மனதுக்குள் முழுவதும் சொல்லிப் பார்த்தேன். சொன்னால் சன்னாசி என்ன சொல்வான் என்றும் தெரிந்தது. எரியாது என்று சூடம் அடித்தவன், எரிவதுதான் சரி என்கிறான் என்பான். வாரக்கணக்கில் சொல்வான். சென்சரில் ஆரம்பித்து இப்போது சக்கரத்துக்கு வந்துவிட்டான், அடுத்து இன்ஜின் என்பான். உங்கள் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அவருடைய அந்தக் கூச்சத்தைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. திரும்பி வந்து பானெட்டுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வாக்கியம் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

குப்பியில் எண்ணெய் ஊற்றி விளிம்பு வரை நிறைத்தேன். விளக்கு அணைந்தது. பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு, மூடியிலிருந்த சென்சரின் வயரைப் பிடுங்கினேன். அதை மற்ற வயர்களுக்கு அடியில் மடித்து வைத்துக் கறுப்பு டேப் சுற்றினேன்.

இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில், டீச்சர். நான் சரி செய்தது அந்த விளக்கைத்தான்.

கைப்பிரேக்கின் வயர் வேறு. அதைத் தூக்கினால் விளக்கு எரியும், விட்டால் அணையும். உங்கள் அப்பா அப்படிச் செய்து பார்த்தார். திருப்தியானார். இதை நான் யோசித்துத்தான் செய்தேன்.

என் எண்ணம் இது. இரண்டு விரல் எண்ணெய் இறங்க மூன்று வாரம் ஆகியிருக்கிறது. இப்போது குப்பி நிறைந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பட்டறையில் ஆள் இருக்காது. "திங்கக்கெழம ஒரு தடவ கொண்டு வாங்க கிராணியாரே, கிரீஸ் அடிச்சுத் தரேன்" என்று சொன்னேன். அவர் சரி என்றார். அன்று சக்கரத்தைக் கழற்றி ரப்பரை மாற்றிவிட்டு, வயரையும் திரும்ப மாட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். யாருக்கும் நஷ்டம் இல்லை. சனியிலிருந்து திங்கள் வரை இரண்டு நாள்தான். தோட்டத்துச் சாலை மேடு பள்ளம் இல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு அவர்கள் பிரேசர் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அம்பாங் பெச்சாவுக்கு மேலே, சாலை ஆற்றை ஒட்டி வளையும் இடத்தில் பிரேக் மிதி தரை வரைக்கும் போனது. மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால், மூன்று வாரத்தில் கசிவது ஒரு மணி நேரத்தில் கசிந்துவிடும். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் மலைக்குப் போவார்கள் என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்கள் என் சார்பாக நினைத்துக்கொள்ளக்கூடும். அதனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முன்பே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை.

சனிக்கிழமை கார் பின்னால் நகரும்போது உங்கள் அம்மா ஜன்னலை இறக்கினார். "தம்பி, நாளைக்கு மலைக்குப் போறோம். இவரு தம்பி செல்லன் அங்க பங்களாவுல வேலையா இருக்காரு இல்ல, பாத்துட்டு வரோம். ஏதாச்சும் பூச்செடி வேணுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க்கா. பாத்துப் போங்க" என்றேன்.

பார்த்துப் போங்கள் என்று சொன்னதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் ஒன்றுமே சொல்லாமல் இல்லை. கார் சாலைக்கு ஏறும்வரை நான் வாசலில் நின்றேன். மேட்டில் ஏறும்போது அது ஒரு தடவை நின்று புறப்பட்டது. ஓடிப் போய்த் தட்டியிருக்கலாம். பத்து அடிதான். மதார் சாகிபுவின் கடையிலிருந்து எனக்குத் தேநீர் வந்தது. அதை வாங்கினேன்.

வெறும் எண்ணெயை ஊற்றி, வயரை அப்படியே விட்டிருந்தாலும் போதும். மலையில் பாதி வழி இறங்குவதற்குள் விளக்கு எரிந்திருக்கும். உங்கள் அப்பா நிறுத்தியிருப்பார். அவர் நிறுத்துகிற ஆள். இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் உங்கள் கணவர் என்னிடம் வந்தார். நொறுங்கிய காரை கோல குபு பாருவில் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். அதிலிருக்கும் பொருள்களை எடுத்து வரும் தெம்பு வீட்டில் யாருக்கும் இல்லை, நான் போக முடியுமா என்று கேட்டார். போனேன். அங்கே என்னோடு ஒருவரும் வரவில்லை. குடை, மூக்குக் கண்ணாடி, உங்கள் அம்மாவின் ஒரு செருப்பு. பின் சீட்டுக்கு அடியில் பால் டின்னில் மண்ணோடு ஒரு செடி. நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் பையில் போட்டு உங்கள் வீட்டில் கொடுத்தேன். செடியை நீங்கள்தான் வாங்கிக்கொண்டீர்கள்.

காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் பானெட் கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அங்கிருந்து கிளம்புவதற்கு முன் டேப்பைப் பிரித்து, வயரைச் சென்சரில் திரும்ப மாட்டினேன். டேப்பை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். சென்சர் ஒரிஜினல். வயர் சரி. பல்பு சரி. பிரேக் எண்ணெய் கசிந்தபடியே வண்டி வெகு தூரம் வந்திருக்கிறது. ஆகவே எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்க வேண்டும், ஓட்டியவர் பொருட்படுத்தவில்லை. அந்த அதிகாரி மேல் தவறு இல்லை. அவருக்குக் கிடைத்ததை வைத்து எழுதினார்.

இடுப்பெலும்பு முறிந்து உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் முதல் தடவை பார்க்கப் போனேன். நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். அவர் என் கையைப் பிடித்தார்.

"வெளக்கு எரிஞ்சது போர்மன். நான் பாத்தேன்."

"எப்போ கிராணியாரே?"

"வளைவுல. கால் உள்ள போயிருச்சு. கைப்பிரேக்கை இழுத்தேன். அப்போ செவப்பா எரிஞ்சது."

கைப்பிரேக்கை இழுத்ததால்தான் எரிந்தது. அதற்கு முன் அது எரிய வழியே இல்லை. இந்த உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை பார்ப்பது போல இருந்தது.

"அதுக்கு முன்னாடியே எரிஞ்சிருக்கும்" என்றேன். "நீங்க பேசிக்கிட்டே வந்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான். அத்தனை தடவ பொய்யா எரிஞ்ச வெளக்குதானே. உங்க மேல தப்பில்ல கிராணியாரே."

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

இந்த ஏழு மாதத்தில் அது வளர்ந்துவிட்டது. முதலில், மலை உச்சியை விட்டதுமே விளக்கு எரிந்தது என்றார். பிறகு செல்லன் வீட்டு வாசலிலேயே எரிந்தது என்றார். போன மாதம், உங்கள் அம்மா அதைப் பார்த்து, "வெளக்கு எரியுதுங்க, நிறுத்துங்க" என்று இரண்டு தடவை சொன்னதாகவும், தான் கேட்கவில்லை என்றும் சொன்னார். அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். உங்கள் அம்மா அப்படி எதுவும் சொல்லியிருக்க முடியாது, டீச்சர். எரியாத விளக்கை அவர் எப்படிப் பார்த்திருப்பார். ஆனால் அந்தக் குரல் கேட்காமல் உங்கள் அப்பாவால் இப்போது ஒரு கவளம் விழுங்க முடியவில்லை. தட்டை ஒதுக்கிவிடுகிறார்.

அவரை அந்த இடத்தில் கொண்டு போய் உட்கார வைத்தது நான். அம்மாவைக் கொன்றதும் நான். இரண்டையும் எழுதிவிட்டேன். போலீஸிடம் கொடுப்பதென்றால் கொடுங்கள், நான் பட்டறையில்தான் இருப்பேன். எங்கேயும் போகமாட்டேன், போக எனக்கு இடமும் இல்லை.

இதை அவருக்குப் படித்துக் காட்டலாமா என்பதில் மட்டும் நிதானமாக யோசியுங்கள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நான் கோல சிலாங்கூரில் உங்கள் வீட்டுக்கு வரும்போது அவர் எழுந்து உட்காருகிறார். மதார் சாகிபு கடை இடியப்பத்தை நான் பிசைந்து கொடுத்தால் நாலு வாய் சாப்பிடுகிறார். வேறு யாரிடமும் பேசாதவர் என்னிடம் ஒரு மணி நேரம் அந்த விளக்கைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் மேல் தப்பில்லை என்று நான் சொல்கிறேன். அவர் இல்லை, இல்லை என்று தலையாட்டுகிறார். அப்போது அவர் கண் கொஞ்சம் தெளிகிறது. நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டால் அதுவும் அவருக்கு இல்லாமல் போய்விடும்.

அவருக்கென்று மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். அதையும் அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.